56, ஒரு பெண்ணின் தலை, இரண்டு எழுத்து: பழைய ரஷ்ய நகையின் வயதைப் படிப்பது எப்படி?

கேள்வி இது: "1970களில் மாஸ்கோவில் படித்த என் சித்தப்பா அங்கே வாங்கிய இரண்டு நகைகள் இப்போது என்னிடம் வந்திருக்கின்றன. ஒன்று, மூன்று பச்சைக் கல் வைத்த, உடையில் குத்திக்கொள்ளும் நீளவாக்குப் புரூச். அதன் ஊசியில் 56 என்ற எண், ஒரு பெண்ணின் தலை, பக்கத்தில் இரண்டு சின்ன எழுத்துகள். ஒன்று ஆங்கில ஆர் எழுத்தைத் திருப்பிப் போட்டது போல இருக்கிறது, மற்றது கூடாரம் போல. வேறோர் இடத்தில் தேய்ந்துபோன இன்னும் இரண்டு எழுத்து. இன்னொரு நகை ஊதாக் கல் மோதிரம். அதில் 583, ஒரு நட்சத்திரம். இரண்டுமே ஜார் காலத்து நகை, புரூச் ஃபாபெர்ஷே செய்தது என்று சித்தப்பா சொல்வார். உண்மையா? எப்படித் தெரிந்துகொள்வது?"

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மோதிரம் ஜார் காலத்தது, அதாவது 1917 புரட்சிக்கு முந்தைய மன்னராட்சிக் காலத்தது அல்ல, சோவியத் காலத்தது. புரூச் ஜார் காலத்ததாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் சொன்ன எழுத்துகளை வைத்துப் பார்த்தால் 1899க்குப் பிந்தைய சில ஆண்டுகளுக்குள் அதை அடக்கிவிடலாம். ஆனால் அதை ஜார் அரசவைக்கு நகை செய்த புகழ்பெற்ற ஃபாபெர்ஷே நிறுவனம் செய்தது என்று சொல்ல, நீங்கள் எழுதியதில் ஓர் ஆதாரமும் இல்லை. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை விளக்கமாகவே சொல்கிறேன். வழி தெரிந்துவிட்டால் அடுத்த நகையை நீங்களே படித்துக்கொள்ளலாம்.

எண்ணிலிருந்து தொடங்குவோம். கேரட்டும் 916உம் வருவதற்கு முன் நம்மிடம் மாற்று என்ற கணக்கு இருந்தது. பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றும் பேச்சில் வைத்திருக்கிறோம். அதுபோல ரஷ்யர்களுக்கு ஸோலோத்னிக். அது ஓர் எடை அளவு, ஏறக்குறைய 4.27 கிராம், அதாவது நம் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல். 96 ஸோலோத்னிக் சேர்ந்தால் ஒரு ரஷ்ய பவுண்டு. அதனால் கலப்பே இல்லாத தங்கத்துக்கு மாற்று 96. நகையில் 56 என்று இருந்தால், 96 பங்கில் 56 பங்கு தங்கம், மீதி 40 பங்கு பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். வகுத்துப் பாருங்கள், ஆயிரத்துக்கு 583 வரும். நம் கணக்கில் 14 கேரட். ஜார் கால ரஷ்யாவில் அன்றாட நகைக்கு இதுதான் வழக்கமான மாற்று. 72 என்றால் 18 கேரட், 92 என்றால் 23 கேரட். வெள்ளியில் அதிகம் பார்ப்பது 84 (ஆயிரத்துக்கு 875), அதற்கு மேல் 88, 91.

நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. 22 கேரட் மஞ்சளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த 56 தங்கம் சிவந்து தெரியும். "செம்பை ஏற்றிவிட்டான்" என்று நம் ஆசாரி சொன்னாலும் சொல்லுவார். அது குறை அல்ல. அந்தச் செம்மை கலந்த நிறம் ரஷ்ய நகையின் அடையாளங்களில் ஒன்று, அதை விரும்பியே செய்தார்கள்.

சரி, 56 என்ற எண் மாற்றைச் சொல்லிவிட்டது. வயதைச் சொன்னதா? இல்லை. ஒரு நகையின் வயதை ஒரு முத்திரை தனியாகச் சொல்லாது. எண், ஊர் அல்லது அரசு முத்திரை, சோதித்த அதிகாரியின் எழுத்து, செய்தவரின் எழுத்து, இந்த நான்கும் சேர்ந்து ஒரே காலத்தை, ஒரே ஊரைக் காட்ட வேண்டும். நான்கு சாட்சிகளும் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம். ஒருவர் மாறிச் சொன்னாலும் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். எண்ணை மட்டும் நம்பினால் இன்னொரு வம்பும் உண்டு. ஈரானிய வெள்ளியிலும் 84 என்ற மாற்று உண்டு, பாரசீக எண்களில் குத்தியிருப்பார்கள். அதை ரஷ்ய வெள்ளி என்று எடுத்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தப் பெண்ணின் தலை. அவள் தலையில் இருப்பது கோகோஷ்னிக், ரஷ்யப் பெண்கள் விழாக்களில் அணிந்த, நெற்றிக்கு மேலே பிறை போல எழும்பி நிற்கும் தலையணி. முத்திரைக்கும் அதே பெயர்தான் நிலைத்துவிட்டது. ரஷ்யா முழுவதற்கும் பொதுவான இந்த முத்திரை 1899இல் நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முன்னே ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சின்னம். முதலாம் பீட்டர் 1700இல் முத்திரை குத்துவதை ஆணையாகக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் மாஸ்கோவில் இரட்டைத் தலைக் கழுகு. பிறகு 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊர்ச் சின்னங்கள் வந்தன. மாஸ்கோ என்றால் குதிரைமேல் அமர்ந்து டிராகனைக் குத்தும் புனித ஜார்ஜ். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்றால் குறுக்காகக் கிடக்கும் இரண்டு நங்கூரம், ஒன்று கடலுக்கு, ஒன்று ஆற்றுக்கு, நடுவே செங்கோல். கீவ் நகரத்துக்குத் தேவதூதர் மிக்கேல், கசானுக்குச் சிறகு முளைத்த நாகம், கொஸ்த்ரோமாவுக்குக் கப்பல். வெள்ளியில் கருப்புக் கலவை பதிக்கும் நீலோ வேலைக்குப் பேர்போன வோலக்தாவுக்கு மேகத்திலிருந்து நீளும், வாள் பிடித்த கை. இவ்வளவும் அரிசி அகலத்துக்குள் குத்தப்பட்டிருக்கும். முதன்முதலில் லென்ஸ் வழியே அந்தக் குதிரைக்காரரைப் பார்த்த அன்று, மோதிரத்தைக் கீழே வைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பழைய முறையில் ஒரு பெரிய நன்மை இருந்தது. சோதித்த அதிகாரி தன் பெயரின் முதல் எழுத்துகளோடு ஆண்டையும் சேர்த்துக் குத்தினார். மாஸ்கோ அதிகாரி விக்தர் சவின்கோவின் முத்திரையைப் பாருங்கள். ஆங்கில பி (B), சி (C) போலத் தெரியும் இரண்டு எழுத்து, கூடவே 1877 என்பது போல ஓர் ஆண்டு. ஆண்டே எழுதியிருக்கிறதே, வேறென்ன வேண்டும்! ஆனால் இது பெரும்பாலும் வெள்ளிச் சாமான்களிலும் பெரிய பொருள்களிலும் முழுதாகக் கிடைக்கும். தோடு, மோதிரம் போன்ற சின்ன நகைகளில் இடம் போதாமல் எண்ணும் ஊர்ச் சின்னமும் மட்டும் இருக்கும், சிலவற்றில் எண் மட்டும்.

1899இல் கோகோஷ்னிக் வந்தபோது ஆண்டு போய்விட்டது. புதிய முத்திரையில் எண், பெண்ணின் தலை, அதிகாரியின் எழுத்து, மூன்றும் ஒரே கட்டத்துக்குள். ஆகவே பழைய முத்திரை ஆண்டைச் சொல்லும், புதிய முத்திரை ஒரு காலக்கட்டத்தை மட்டும் சொல்லும். அந்தக் காலக்கட்டத்தைப் பிரித்துக் காட்டுவது அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்பதுதான்.

1899 முதல் 1908 வரை அவள் நம் இடப்பக்கம் பார்க்கிறாள். 1908இல் அவளை வலப்பக்கம் திருப்பிவிட்டார்கள். அதிகாரியின் எழுத்துக்குப் பதிலாக மாவட்டத்தைக் குறிக்கும் ஒரு கிரேக்க எழுத்து வந்தது. பீட்டர்ஸ்பர்க்குக்கு ஆல்ஃபா, மாஸ்கோவுக்கு டெல்டா என்னும் முக்கோணம், ஒடெஸாவுக்குக் கப்பா. 1917இல் ஆட்சி கவிழ்ந்தாலும் முத்திரை உடனே மாறவில்லை. சோவியத் முத்திரை 1927இல்தான் வந்தது. அதனால் வலப்பக்கம் பார்க்கும் பெண்ணும் 56உம் சேர்ந்து இருந்தாலே ஜார் காலம் என்று அடித்துச் சொல்ல முடியாது. புரட்சிக்குப் பிந்தைய சில ஆண்டுகளும் அதற்குள் அடங்கும்.

கைப்பேசியில் படம் எடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முன்பக்க கேமராவில் எடுத்தால் சில கைப்பேசிகள் படத்தை இடவலம் மாற்றிவிடும். பெண் திரும்பிவிடுவாள், நகையின் வயது பத்தாண்டு மாறிவிடும். பக்கத்தில் உள்ள எண் நேராகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் புரூச்சுக்கு வருவோம். திருப்பிப் போட்ட ஆர் போன்றது ரஷ்ய 'யா'. கூடாரம் போன்றது 'எல்'. கோகோஷ்னிக் கட்டத்துக்குள் இந்த இரண்டும் இருந்தால் அவர் யாகோவ் லியாபுனோவ், பீட்டர்ஸ்பர்க் மாவட்டத்தில் தங்கத்தின் மாற்றைச் சோதித்த அதிகாரி. 1899இல் புது முத்திரை வந்தது முதல் அடுத்த சில ஆண்டுகள் அவர் எழுத்துதான் அங்கே. அவருக்குப் பின் வந்தவர் ரிக்டர். அவர் எழுத்துகள் ஆங்கில ஏ (A), பி (P) போலத் தெரியும், உண்மையில் அவை 'அ', 'ர்'. அவர் 1908 வரை. மாஸ்கோவில் அதே காலத்தில் இருந்தவர் இவான் லெபியோத்கின். திருப்பிப் போட்ட ஆங்கில என், பக்கத்தில் கூடாரம். உங்கள் புரூச்சில் முதல் எழுத்தை இன்னொரு முறை நன்றாகப் பாருங்கள் என்று கேட்பது இதனால்தான். திருப்பிப் போட்ட ஆரா, திருப்பிப் போட்ட என்னா என்பதில் ஊரே மாறுகிறது.

நீங்கள் ஒன்றைச் சொல்லவில்லை. அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள்? இடப்பக்கம் என்றால் எல்லாம் பொருந்துகிறது. வலப்பக்கம் என்றால் லியாபுனோவின் எழுத்து அங்கே இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் நாம் வேறு விதமாகப் பேச வேண்டியிருக்கும்.

நான்காவது சாட்சி, செய்தவரின் எழுத்து. அந்தத் தேய்ந்த இரண்டு எழுத்து அதுவாக இருக்கலாம். பலர் ஏமாறுவது இங்கேதான். பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் எத்தனையோ பட்டறைகள். ஒரே முதல் எழுத்துகள் உள்ள ஆசாரிகள் பலர். பட்டியலைப் பார்த்து, அதில் இருப்பவர்களிலேயே பெரிய பெயரைப் பிடித்து நகைக்குச் சூட்டிவிடுவது மனித ஆசை. எழுத்து எந்த மொழி என்பதையும் பாருங்கள். பீட்டர்ஸ்பர்க்கின் பெரிய பட்டறைகளில் பின்லாந்துக்காரர்கள் நிறைய. அவர்களில் பலர் லத்தீன் எழுத்துகளில் முத்திரை வைத்திருந்தார்கள். ஆனால் ரஷ்ய எழுத்தில் 'வ்' ஆங்கில பி (B) போலவும், 'ஸ்' சி (C) போலவும், 'ர்' பி (P) போலவும், 'ன்' எச் (H) போலவும் தெரியும். எச் என்று நீங்கள் படித்தது எச்சா, 'ன்'னா என்று தெரியாமல் பெயர் தேடக் கூடாது.

முழுப்பெயர் குத்தியிருந்தால் ஒரு நல்ல சோதனை உண்டு. 1918இன் எழுத்துச் சீர்திருத்தம் வரை, மெய்யொலியில் முடியும் ரஷ்யச் சொற்களின் கடைசியில் ஒலிக்காத ஓர் எழுத்து போடுவார்கள். ஆங்கிலச் சின்ன பி (b) எழுத்தின் உச்சியில் இடப்பக்கமாக ஒரு சின்னக் கொடி பறப்பது போல இருக்கும். ஒவ்சின்னிகோவ், க்லெப்னிகோவ், சாசிகோவ் ஆகிய பெரிய மாஸ்கோ நிறுவனங்களின் பெயர் முத்திரையெல்லாம் அந்தக் கொடி எழுத்தோடு முடியும். 84 மாற்று, ஜார் கால முத்திரை, ஆனால் பெயரின் கடைசியில் கொடி எழுத்து இல்லை என்றால், குத்தியவர் பள்ளியில் புதிய எழுத்து முறையைப் படித்தவர். ஃபாபெர்ஷே என்ற பெயர் உயிரொலியில் முடிவதால் இந்தச் சோதனை அதற்கு உதவாது. போலி செய்பவர்களுக்கு அது கூடுதல் வசதியாகிவிட்டது.

சரி, ஃபாபெர்ஷே. குஸ்தாவ் ஃபாபெர்ஷே 1842இல் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கிய கடை அது. மகன் கார்ல் 1872இல் பொறுப்பேற்றார். 1885இல் அரசவை நகை வணிகர் என்ற தகுதி கிடைத்தது. 1887இல் மாஸ்கோவில் கிளை. நகைகளைக் கார்ல் தன் கையால் செய்யவில்லை. பட்டறைத் தலைவர்கள் தனித்தனியாக இயங்கினார்கள், ஒவ்வொருவருக்கும் சொந்த முத்திரை. மிகயில் பெர்கின், ஹென்ரிக் விக்ஸ்ட்ரம், ஆகஸ்ட் ஹோல்ம்ஸ்ட்ரம் என்று அந்த வரிசை போகிறது. பொதுவாகப் பீட்டர்ஸ்பர்க் நகைகளில் முன்னெழுத்து இல்லாமல் ஃபாபெர்ஷே என்ற பெயரும், பட்டறைத் தலைவரின் எழுத்தும் இருக்கும். மாஸ்கோப் பொருள்களில் முன்னே 'க' எழுத்தோடு பெயர், மேலே அரசுக் கழுகு, பெரும்பாலும் பட்டறைத் தலைவரின் எழுத்து இருக்காது. பல உண்மையான நகைகளில் ஊசியால் கீறிய கணக்கு எண்ணும் இருக்கும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் சங்கிலியில் கோக்கும் ஒரு டாலரை மதிப்பிடக் கொடுத்தார்கள். இளநீல எனாமல், அதன் அடியில் நீர் அலை போல ஓடும் கோடுகள், ஓரத்தில் பொடி வைரம். பின்னால் பெர்கினின் எழுத்துகள்: ஓர் எம், பக்கத்தில் கதவு நிலை போன்ற 'ப'. எனாமல் அழகு, மாற்று சரி, ஃபாபெர்ஷே என்ற பெயரும் இருக்கிறது. நான் மகிழ்ச்சியோடு மூத்தவரிடம் கொண்டுபோனேன். அவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தப் பெண் எந்தப் பக்கம் பார்க்கிறாள்?" வலப்பக்கம் பார்த்தாள், கூடவே ஆல்ஃபா. பெர்கின் இறந்தது 1903இல். 1908இல் வந்த முத்திரையை அவர் நகையில் யார் குத்தியது? விற்கக் கொண்டுவந்தவர் பதில் சொல்லாமல் டாலரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எந்த நகையைக் கையில் எடுத்தாலும் அழகைப் பார்ப்பதற்கு முன் அவள் பார்க்கும் திசையைத்தான் பார்க்கிறேன்.

இந்த மாதிரிப் போலிகள் சந்தையில் மிக அதிகம். சில முழுக்கப் புதிதாகச் செய்தவை. சில அந்தக் காலத்து நல்ல நகைகள்தான், பெயரில்லாத பட்டறையில் செய்தவை. விலை ஏற்றுவதற்காகப் பின்னால் ஒரு பெரிய பெயரைக் குத்திவிடுகிறார்கள். இந்த இரண்டாவது வகைதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. தன் சொந்தப் பெயரில் மதிப்போடு நின்றிருக்க வேண்டிய ஒரு வேலை அதனால் கெட்டுப்போகிறது.

லென்ஸில் என்ன பார்க்க வேண்டும்? 10 மடங்கு லென்ஸ் போதும். வெளிச்சம் நேரே விழாமல் பக்கவாட்டில் சரிந்து விழட்டும். முத்திரைமேல் மெல்ல ஊதினால் மூச்சின் ஈரம் பளபளப்பை ஒரு நொடி மறைக்கும், அப்போது கோடுகள் தெளிவாகத் தெரியும். எஃகு அச்சை வைத்துச் சுத்தியால் அடித்த முத்திரையில் விளிம்பு கூர்மையாக இருக்கும், உள்ளே தரை வழவழப்பாக இருக்கும், சுற்றிலும் உலோகம் லேசாக விலகிக் கொடுத்திருக்கும். மெல்லிய தகடாக இருந்தால் மறுபக்கம் ஒரு சின்ன மேடு. நகையோடு சேர்த்து அச்சில் வார்த்த முத்திரையில் விளிம்பு மழுங்கியிருக்கும், எழுத்துகளுக்குள் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். உண்மையான நகையிலிருந்து அச்சு எடுத்து வார்த்தவை இப்படித்தான் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் தேய்மானம். நூறாண்டு அணிந்த நகையில் மேடான இடங்கள் வழவழத்து, ஊசியின் முனை மெலிந்து, கீல் தளர்ந்திருக்கும். அதே தேய்மானம் முத்திரையிலும் கொஞ்சம் இருக்க வேண்டும். நகை தேய்ந்து முத்திரை மட்டும் நேற்று குத்தியது போல நின்றால் சந்தேகப்படுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. மறைவான இடத்தில் குத்தியது தேயாமல் இருக்கலாம்.

புரூச்சில் முத்திரை ஊசியில் இருக்கிறது என்றீர்கள். ஊசி மாற்றக்கூடிய உறுப்பு. தோடு என்றால் கொக்கி, சங்கிலி என்றால் கொக்கி வளையம், இவையெல்லாம் பழுதாகி மாறுபவை. வேறொரு நகையின் ஊசியை எடுத்து இதில் பற்றவைத்திருக்கலாம். அதனால் உடம்பிலும் முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். கீல் அருகே, ஊசி மாட்டும் கொக்கியில், சட்டத்தின் ஓரத்தில். கீல் உள்ள இடத்தில் சாம்பல் நிறத்தில் ஈயப் பற்று தெரிந்தால் பின்னாளில் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். பழுது பார்த்தது குற்றமல்ல, ஆனால் ஊசியின் முத்திரை உடம்புக்கும் பொருந்தும் என்று அப்போது எடுத்துக்கொள்ள முடியாது.

பழைய நகையில் 56க்குப் பக்கத்திலேயே சோவியத் முத்திரையும் இருந்தால் பயப்பட வேண்டாம். சோவியத் கடை வழியாக மறுபடி விற்பனைக்கு வந்த நகை அங்கே மறுபடி சோதனைக்குப் போயிருக்கலாம். அது நகை நடந்து வந்த பாதை.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இந்த முத்திரைகளெல்லாம் நகையைச் சோதித்த இடத்தைச் சொல்கின்றன, செய்த இடத்தை அல்ல. வெளிநாட்டிலிருந்து ரஷ்யாவுக்கு வந்த தங்கச் சாமானிலும் அங்கே முத்திரை குத்தினார்கள். சுவிஸ் கைக்கடிகாரத்தின் பின்மூடியில் கோகோஷ்னிக் இருப்பதை வைத்து அதை ரஷ்யக் கடிகாரம் என்று சொல்ல முடியாது.

இப்போது அந்தப் பச்சைக் கற்கள். முத்திரை எழுதிய சாட்சி என்றால் கல் எழுதாத சாட்சி. மரகதம் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். இருக்கலாம். ஆனால் பீட்டர்ஸ்பர்க், 1900ஐ ஒட்டிய காலம், சின்னப் பச்சைக் கல் என்றவுடன் என் மனம் போவது டெமன்டாய்டுக்கு. யூரல் மலையில் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த கார்னெட் வகை அது. நம் நவரத்தினக் கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான், அதனால் ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். டெமன்டாய்டு என்றால் வைரம் போன்றது என்று பொருள். உண்மையிலேயே வைரத்தைப் போல, அதைவிடவும் அதிகமாக, ஒளியை வானவில்லாகச் சிதறடிக்கும். மரகதம் அப்படி மின்னாது. கல்லை அசைத்துப் பாருங்கள். பச்சைக்கு நடுவே சிவப்பும் ஆரஞ்சும் தெறிக்கிறதா? பிறகு லென்ஸில் உள்ளே பாருங்கள். ஒரு புள்ளியிலிருந்து பொன்னிற நார்கள் வளைந்து விரிவது தெரிந்தால் அது குதிரைவால் என்று சொல்லப்படும் உள்ளடக்கம், டெமன்டாய்டுக்கே உரிய அடையாளம். மற்றக் கற்களில் அது குறை, இந்தக் கல்லில் அதற்காகவே தேடி வாங்குகிறார்கள். உங்கள் புரூச்சில் அது தெரிந்தால் லியாபுனோவின் எழுத்துக்கு வலுவான துணைச் சாட்சி கிடைத்துவிட்டது.

மோதிரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1927இல் ஸோலோத்னிக் கணக்கு போய், ஆயிரத்தில் இத்தனை என்ற கணக்கு வந்தது. 56 என்று இருந்தது 583 ஆனது. தங்கம் அதே தங்கம், எண்தான் மாறியது. பெண்ணின் தலைக்குப் பதில் சுத்தியல் பிடித்த தொழிலாளியின் தலை. 1958இல் அதுவும் போய் ஐந்துமுனை நட்சத்திரம், நடுவே அரிவாள் சுத்தியல். எனவே உங்கள் மோதிரம் 1958க்குப் பிந்தையது. சித்தப்பா படித்த காலத்தில் கடையில் புதிதாகவே வாங்கியிருக்கலாம். ஊதாக் கல்லை அலெக்ஸாண்ட்ரைட் என்று சொல்லித் தந்திருப்பார்கள். பகல் வெளிச்சத்தில் சாம்பல் கலந்த நீலமாகவும், குண்டு பல்பு வெளிச்சத்தில் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவும் மாறுகிறதா? அப்படியென்றால் அது வனேடியம் சேர்த்துச் செயற்கையாக வளர்த்த கொரண்டம். மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமமோ அதே கனிமம், ஆலையில் செய்தது. சோவியத் 583 மோதிரங்களில் இந்தக் கல்லைத்தான் ஏராளமாக வைத்தார்கள். உண்மையான யூரல் அலெக்ஸாண்ட்ரைட் பகலில் பச்சை, விளக்கில் சிவப்பு. 1830களில் கிடைத்து, பின்னாளில் ஜார் ஆன இளவரசர் அலெக்சாந்தரின் பெயரைப் பெற்றது. அந்த அளவுக் கல் மாணவர் கைக்கு எட்டும் விலையில் இருந்திருக்காது. ஆனாலும் அந்த மோதிரத்தைத் தாழ்வாக நினைக்காதீர்கள். தங்கம் சுத்தம், வேலை உறுதியானது, உங்கள் சித்தப்பாவின் மாஸ்கோ நாள்கள் அதில் இருக்கின்றன.

சோவியத் பொருள்களில் நம் ஊரில் பெரிதாகத் தவறு நடப்பது 916 என்ற எண்ணில். சோவியத் காலத்துப் பொன்முலாம் பூசிய எனாமல் காப்பிக் கரண்டிகள் இங்கே சில வீடுகளில் உண்டு. பின்னால் நட்சத்திரமும் 916உம் இருக்கும். 916 என்றவுடன் 22 கேரட் தங்கம் என்று நம் மனம் தாவுகிறது. அது வெள்ளியின் மாற்று. பழைய 88 ஸோலோத்னிக்தான் புதிய கணக்கில் 916 ஆனது. 875 என்று இருந்தாலும் பெரும்பாலும் வெள்ளிதான்.

அதேபோல 1994க்குப் பிந்தைய ரஷ்ய நகைகளில் கோகோஷ்னிக் பெண் மறுபடி வந்துவிட்டாள், வலப்பக்கம் பார்த்தபடி. பக்கத்தில் 585 என்று இருந்தால் அது இன்றைய நகை. தலையை மட்டும் பார்த்துவிட்டு ஜார் காலம் என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்று இலக்கம் என்றால் 1927க்குப் பின், இரண்டு இலக்கம் என்றால் முன் என்று நினைவில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

நகைக்கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் சில வார்த்தைகள். உரைகல்லில் உரசவோ அமிலம் வைக்கவோ விடாதீர்கள். கேரட் மீட்டர் இயந்திரத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 58.3க்குப் பக்கத்தில் வர வேண்டும். பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு முறை பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் லியாபுனோவின் இரண்டு எழுத்தும் காணாமல் போகும், பிறகு புரூச்சின் வயதைச் சொல்ல யாருமில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், குழந்தைகளின் பல் துலக்கும் பிரஷ், அவ்வளவு போதும். எனாமல் இருந்தால் அதுவும் வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள்.

கண்டிப்பாக எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் பழைய தங்கம் வாங்கி விற்கும் ஒருவர், உள்ளே சின்னக் கடிகாரம் பொருத்திய ஒரு சின்னத் தங்க முட்டையை ஏறக்குறைய 14,000 டாலருக்கு வாங்கினார். உருக்கினால் சிறிது லாபம் வரும் என்பது கணக்கு. விலை படியாததால் அது சமையலறையில் கிடந்தது. ஒருநாள் கடிகாரத்தில் இருந்த வஷெரான் கான்ஸ்டன்டின் என்ற பெயரையும் முட்டை என்ற சொல்லையும் சேர்த்து இணையத்தில் தேடினார். காணாமல் போயிருந்த மூன்றாவது அரச ஈஸ்டர் முட்டை அது. 1887இல் ஜார் மூன்றாம் அலெக்சாந்தர் தன் மனைவிக்குத் தந்தது, ஃபாபெர்ஷே செய்தது. லண்டனின் வார்ட்ஸ்கி என்ற நகை வணிக நிறுவனம் அதை உறுதிசெய்து, 2014இல் உலகம் அறிந்தது. அதை உலையிலிருந்து காப்பாற்றியது அதன்மேல் எழுதியிருந்த ஒரு பெயரை யாரோ பொறுமையாகப் படித்ததுதான்.

உங்கள் புரூச் முட்டையல்ல. ஆனால் பீட்டர்ஸ்பர்க்கில் ஏதோ ஒரு பட்டறையில், பெயர் தேய்ந்துபோன ஓர் ஆசாரி செய்ததாக இருக்கலாம். ஆகவே இன்றே பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரமாக, பின்பக்க கேமராவில் மூன்று படம் எடுங்கள்: ஊசியின் முத்திரை, கீல் பகுதி, தேய்ந்த அந்த இரண்டு எழுத்து. எழுத்துகளுக்கு மட்டும் வெளிச்சத்தை இடமிருந்து ஒரு முறை, வலமிருந்து ஒரு முறை விழச் செய்து எடுங்கள். ஒரு பக்கம் மறைவது மறுபக்கம் தெரியும். அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று பார்த்துச் சொல்லுங்கள். அதிலிருந்து தொடர்வோம்.